கூடத் தங்கினவங்களுக்கு மெனிஞ்சைட்டிஸ் ஒட்டிக்குமா?

வணக்கம். வந்திருக்கற கேள்விகள்ல ஒரு அம்மா அனுப்பினதை இன்னிக்கு முதல்ல எடுத்துக்கறேன். அவங்க எழுதினதை அப்படியே படிச்சுடறேன்.

"டாக்டர், என் பொண்ணு ஹாஸ்டல்ல தங்கி காலேஜ் படிக்கறா. அவ ரூம்ல இருக்கற இன்னொரு பொண்ணை முந்தாநாள் ராத்திரி கடுமையான காய்ச்சல், தலைவலி, வாந்தியோட ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. மூளைக்காய்ச்சல்னு ஒருத்தர் சொல்றார், மெனிஞ்சைட்டிஸ்னு இன்னொருத்தர் சொல்றார். இது ஒட்டுவாரொட்டியா? கொசு கடிச்சு வருமா? ரெண்டு பேரும் ஒரே பக்கெட், ஒரே போர்வைன்னு புழங்கியிருக்காங்க. என் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா தம்பிக்கு ஒட்டிக்குமா? அந்தப் பொண்ணு குணமாகித் திரும்பி வந்தா மறுபடியும் அதே ரூம்ல விடலாமா?"

இந்த அம்மாவுக்கு நேத்து ராத்திரியே ரெண்டு வரி பதில் போட்டுட்டேன், ஏன்னா வீடியோ வர்ற வரைக்கும் ஆறப்போடற விஷயம் இல்ல இது. "என்ன கிருமின்னு ஆஸ்பத்திரில கேட்டுச் சொல்லுங்க, பொண்ணை இன்னிக்கே காலேஜ் டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க"ன்னு எழுதினேன். காலையில பதில் வந்திருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஏன் கிருமி பேரை முதல்ல கேட்டேன்? மெனிஞ்சைட்டிஸ்ங்கறது நோய்க்கிருமியோட பேரே கிடையாது. ஒரு இடத்துல அழற்சி வந்திருக்குன்னு சொல்ற பேர், அவ்வளவுதான். நம்ம மூளையையும் தண்டுவடத்தையும் மூணு அடுக்குச் சவ்வு போர்த்தியிருக்கு. வெளி அடுக்கு தோல் மாதிரி தடிமனா இருக்கும். உள் அடுக்கு மூளையோட ஒவ்வொரு மடிப்புலயும் இறங்கி ஒட்டிக்கிட்டிருக்கும், அவ்வளவு மெல்லிசு. உள் அடுக்குகளுக்கு நடுவுல தெளிவா ஒரு தண்ணி ஓடிட்டே இருக்கும். பெரியவங்களுக்கு மொத்தமே சுமார் 150 மில்லிதான். அந்தச் சவ்வுலயும் தண்ணியிலயும் அழற்சி வந்தா அதுக்குப் பேர் மெனிஞ்சைட்டிஸ். பாக்டீரியாவால வரலாம், வைரஸால வரலாம், பூஞ்சை, அமீபா, சில பேருக்கு வலி மாத்திரையாலகூட வரும். அதனால மெனிஞ்சைட்டிஸ் எப்படிப் பரவும்னு பொதுவா கேட்டா, "வீட்டுல தண்ணி ஒழுகுது, எங்கேருந்து?"ன்னு ஃபோன்ல கேக்கற மாதிரிதான். கூரையா, குழாயா, பக்கத்துச் சுவரான்னு பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது.

கொசு விஷயத்தை இங்கயே முடிச்சுடறேன். தமிழ்ல நாம எல்லாத்தையும் மூளைக்காய்ச்சல்னு ஒரே மூட்டையில கட்டிடறோம். அதுல பாதிக் குழப்பம் வருது. கொசு மூலமா வர்றதுன்னு நீங்க கேள்விப்பட்டது பெரும்பாலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அந்த வைரஸ் பன்றியிலயும் நீர்ப்பறவைகள்லயும் குடியிருக்கும், கியூலெக்ஸ் கொசு அதை மனுஷனுக்குக் கொண்டு வரும். அது சவ்வோட நிக்காது, மூளைத் திசுவையே தாக்கும். பக்கத்துல படுத்திருந்தவங்களுக்கு அது ஒட்டாது. கொசு வழியா மெனிஞ்சைட்டிஸ் தர்ற வைரஸ் ஒண்ணு ரெண்டு உண்டுதான், வெஸ்ட் நைல் மாதிரி. ஆனா அதுவும் பக்கத்துப் படுக்கைக்குத் தாவாது.

சரி, என்ன கிருமின்னு எப்படிக் கண்டுபிடிக்கறோம்? முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாங்கன்னு பயந்து பயந்து சொல்லுவாங்களே, அதுதான். நோயாளியை ஒருக்களிச்சுப் படுக்க வைச்சு, முழங்காலை வயித்தோட சேர்த்து, இறால் மாதிரி சுருண்டுக்கச் சொல்லுவோம். அப்பதான் இடுப்புப் பக்கம் முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவுல இடைவெளி விரியும். தண்டுவடம் அதுக்கு மேலயே முடிஞ்சுடுது, அதனால ஊசி தண்டுவடத்துல குத்தி கால் விழுந்துடும்ங்கற பயம் வேண்டாம். தண்ணி சொட்டுச் சொட்டா குழாய்ல விழும். விழுந்ததும் நான் செய்யற முதல் வேலை என்ன தெரியுமா, அந்தக் குழாயை ஒரு அச்சடிச்ச தாளுக்கு முன்னாடி பிடிச்சுப் பார்க்கறது. எழுத்து பளிச்சுனு தெரிஞ்சா தண்ணி தெளிவு. அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கி எழுத்து மங்கினா, லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம பாக்டீரியான்னு எடுத்துக்கிட்டு ஆன்டிபயாட்டிக்கை ஏத்திட வேண்டியதுதான். தெளிவா இருந்தா நிம்மதியான்னா, அதுவும் இல்ல. வைரஸ்லயும் தெளிவா இருக்கும், டிபியிலயும் தெளிவா இருக்கும். டிபியா இருந்தா சில சமயம் குழாயைக் கொஞ்ச நேரம் அசைக்காம வைச்சா உள்ள சிலந்தி வலை மாதிரி ஒரு படலம் கட்டும். படிக்கற காலத்துல அதை முதல் தடவை பார்த்தப்போ ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு நின்னேன்.

இப்போ பரவற கதைக்கு வருவோம். அடிக்கடி வர்றது வைரஸ் மெனிஞ்சைட்டிஸ்தான். அதுலயும் முக்கால்வாசி என்டெரோவைரஸ்னு ஒரு குடும்பம். இது மலத்துலேருந்து கைக்கு, கையிலேருந்து வாய்க்குப் போகும். சளி, எச்சில் வழியாவும் போகும். குழந்தைக்குக் கழுவி விட்டுட்டு, டயப்பர் மாத்திட்டு, கையை ஒழுங்கா சோப்புப் போட்டுக் கழுவாம விட்டா, அங்கதான் மாட்டிக்குவோம். காய்ச்சல் விட்டு வாரக் கணக்குல ஆனப்புறமும் மலத்துல வைரஸ் வந்துட்டிருக்கும். ஆனா ஒண்ணைக் கவனிங்க. இந்த வைரஸ் தொத்தினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வெறும் ஜலதோஷம், வயித்துப்போக்கு, ரெண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான் வரும். சில பேருக்கு ஒண்ணுமே வராது. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் அது மூளைச்சவ்வு வரைக்கும் போகும். ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போறது வைரஸ். அது போன எடத்துல மெனிஞ்சைட்டிஸ் ஆகணும்னு கட்டாயம் இல்ல. பெரும்பாலும் தானாவே குணமாகிடும்.

பயப்பட வேண்டியது பாக்டீரியா. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் வந்தவங்கள்ல 6 பேருக்கு ஒருத்தர் இறந்துடறாங்க, 5 பேருக்கு ஒருத்தருக்குக் காது கேக்காம போறது மாதிரி பெரிய பாதிப்பு தங்கிடுது. அந்தக் கூட்டத்துல, கூட இருந்தவங்களைத் தேடிப் பிடிச்சு மாத்திரை குடுக்க வைக்கற கிருமி முக்கியமா ஒண்ணு: மெனிங்கோகாக்கஸ்.

அது எங்க இருக்குன்னு நினைக்கறீங்க? அழுக்குத் தண்ணியிலயோ குப்பையிலயோ இல்ல. நம்ம மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல் பக்கத்துல. மனுஷனைத் தவிர அதுக்கு வேற வீடே கிடையாது. நல்லா நடமாடிட்டிருக்கற 10 பெரியவங்கள்ல ஒருத்தர் தொண்டையில இது சும்மா குடியிருக்கும், வாரக்கணக்குல, மாசக்கணக்குல. பதினெட்டு இருபது வயசுப் பிள்ளைங்ககிட்ட இன்னும் அதிகம். அவங்களுக்கு இருமல்கூட இருக்காது. வந்த சுவடும் தெரியாது, போன சுவடும் தெரியாது. அப்படி வந்துட்டுப் போறதே ஒரு வகையில எதிர்ப்பு சக்தியைக் குடுத்துட்டுப் போகும். எங்கயோ ஒருத்தருக்குத்தான் அது தொண்டைச் சவ்வைத் துளைச்சு ரத்தத்துல ஏறி, ரத்தத்துலேருந்து மூளைச்சவ்வுக்குத் தாவும். புதுசா தொத்தின 2 நாள்லேருந்து 10 நாளுக்குள்ள, சராசரியா 4 நாள்ல அது நடந்துடும். ஏன் அவருக்கு மட்டும்? சிலருக்கு மண்ணீரலை எடுத்திருப்பாங்க, சிலருக்கு ரத்தத்துல காம்ப்ளிமென்ட்னு ஒரு புரதக் கூட்டம் குறைவா இருக்கும். மத்தவங்களுக்கு அந்த நேரத்துல ஃப்ளூ வந்திருக்கலாம், சிகரெட் புகையில தொண்டை புண்ணாகியிருக்கலாம். நிறைய பேர் விஷயத்துல காரணம்னு ஒண்ணைக் கைகாட்டவே முடியாது.

இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வீட்டுல ஒருத்தருக்கு இது வந்துட்டா, "யார் கொண்டு வந்தா?"ன்னு பஞ்சாயத்து ஆரம்பிச்சுடும். விருந்துக்கு வந்த உறவுக்காரர் இருமினார், ஸ்கூல் பையன் கொண்டு வந்தான்னு. இருமினவர்கிட்ட அந்தக் கிருமி இருந்தே இருக்காது. இருமாம சிரிச்சுப் பேசிட்டுப் போனவர்கிட்ட இருந்திருக்கும். அது அவருக்கே தெரியாது. தேடிக் கண்டுபிடிச்சு ஆகப்போறதும் ஒண்ணும் இல்ல.

பரவறது எப்படின்னா, மூக்கு தொண்டைச் சளித் துளி மூலமா, கிட்டத்துல, ரொம்ப நேரம் இருந்தா. ஒரே ரூம்ல தூங்கறது, ஆழமா முத்தம் குடுத்துக்கறது, ஒரே வீட்டுல வாழறது. பஸ்ல பக்கத்துல நின்னது, வகுப்புல ஒரே பெஞ்சுல உக்காந்தது, இதெல்லாம் பெரும்பாலும் கணக்குல வராது. நெருக்கம்ங்கற வார்த்தையை அளந்தே பார்த்திருக்காங்க. முதல் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் படை முகாம்கள்ல இந்த நோய் கிளம்புச்சு. கிளோவர்னு ஒரு டாக்டர் சிப்பாய்களோட தொண்டையில குச்சி விட்டு எடுத்துச் சோதிச்சுக்கிட்டே இருந்தார். கட்டிலை நெருக்கி நெருக்கிப் போட்ட பாளையத்துல, கிருமியைச் சுமக்கறவங்க எண்ணிக்கை ஏறிட்டே போகும், அதுக்கப்புறம் நோய் வெடிக்கும். அவர் செஞ்சது ரொம்ப சாதாரணம். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ரெண்டரை அடி விடச் சொன்னார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். சுமக்கறவங்க குறைஞ்சாங்க. ஹாஸ்டல் நடத்தறவங்க இந்த ரெண்டரை அடியை ஞாபகம் வைச்சுக்கிட்டா எனக்கு சந்தோஷம்.

நெருக்கத்தோட காத்தும் சேர்ந்துடுச்சுன்னா என்ன ஆகும்னு ஆப்பிரிக்காவுல பார்க்கலாம். மேற்கே செனகல்லேருந்து கிழக்கே எத்தியோப்பியா வரைக்கும் ஒரு பட்டை, அதுக்குப் பேரே மெனிஞ்சைட்டிஸ் பட்டை. டிசம்பர்லேருந்து ஜூன் வரைக்கும் மழை இல்லாத காலம், பாலைவனப் புழுதியோட வறண்ட காத்து வீசும். மூக்குத் தொண்டையோட ஈரச் சவ்வு காஞ்சு வெடிக்கும், ராத்திரிக் குளிருக்கு ஜனங்க ஒண்டிக்கிட்டுப் படுப்பாங்க. 1996, 97-ல மட்டும் 2,50,000 பேருக்கு மேல வந்து, 25,000 பேர் இறந்தாங்க. முதல் மழை விழுந்தா நோய் அடங்கிடும். 2010-ல புர்கினா ஃபாசோவுல ஆரம்பிச்சு ஏ வகை மெனிங்கோகாக்கஸுக்கு ஒரு தடுப்பூசி போட்டாங்க. அந்த ஊசி நோயைத் தடுத்ததோட நிக்காம, தொண்டையில கிருமி குடியேறறதையே தடுத்துச்சு. போட்டுக்காதவங்களும் தப்பிச்சாங்க. அந்தப் பட்டையில ஏ வகை இன்னிக்கு இல்லாம போனதுக்குக் காரணம் அதுதான்.

ஹஜ் போறவங்களுக்கு மெனிங்கோகாக்கஸ் ஊசி கட்டாயம்னு இருக்கே, அதுவும் இப்படி வந்ததுதான். 1987-ல ஏ வகை, 2000-ல டபிள்யூ வகை பரவுச்சு. ரெண்டாவது தடவை, யாத்திரை போயிட்டு நல்லாத் திரும்பினவங்களோட வீட்டுல இருந்தவங்க சில பேரும் படுத்தாங்க. அதுக்கப்புறம் நாலு வகைக்கும் சேர்த்த ஊசியைக் கட்டாயமாக்கிட்டாங்க.

மத்த கிருமிங்களை வேகமா சொல்லிடறேன். நிமோகாக்கஸும் தொண்டையில குடியிருக்கற ஆள்தான். காதுல சீழ், சைனஸ், மண்டையில அடிபட்டு எலும்பு விரிஞ்சு மூக்கு வழியா மூளைத் தண்ணி கசியறது, இப்படி நம்ம உடம்புக்குள்ளயே வழி கிடைச்சா ஏறிடும். இதுக்குக் கூட இருந்தவங்களுக்கு மாத்திரை குடுக்கற வழக்கம் கிடையாது. ஹிப்னு சொல்ற கிருமி ஒரு காலத்துல சின்னக் குழந்தைங்களை நிறைய வாரிக்கிட்டுப் போச்சு. ஊசி வந்தப்புறம் ஆஸ்பத்திரிகள்ல அதை அபூர்வமாத்தான் பார்க்கறோம். பிறந்த குழந்தைக்கு வர்றது அம்மாவோட பிறப்புப் பாதையில இருக்கற பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸாலயோ, ஈ கோலையாலயோ. இதுல அம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க. நாலு கர்ப்பிணிங்கள்ல ஒருத்தர்கிட்ட அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சும்மா இருக்கும். தெரிஞ்சா பிரசவ வலி நேரத்துல பென்சிலின் ஏத்திக்கலாம். லிஸ்டீரியா சாப்பாட்டு வழியா வரும், காய்ச்சாத பால் மாதிரி. ஃப்ரிட்ஜ் குளிர்லயே அது வளரும், அதனால கர்ப்பிணிகளும் வயசானவங்களும் கவனமா இருக்கணும். டிபி மெனிஞ்சைட்டிஸ் வந்தவர்கிட்டேருந்து அது மத்தவங்களுக்குப் போகாது, அவருக்கு நுரையீரல்லயும் டிபி இருந்தா ஒழிய.

பூஞ்சையும் அமீபாவும் ஆளுக்கு ஆள் பரவவே பரவாது. கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை புறா எச்சத்துலயும் மண்ணுலயும் இருக்கும், மூச்சுல போகும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். மூளையைத் தின்னும் அமீபான்னு சொல்றாங்களே, நேக்லீரியா, அது வெதுவெதுப்பான நல்ல தண்ணியில இருக்கும். அந்தத் தண்ணியைக் குடிச்சா வராது. மூக்குக்குள்ள வேகமா ஏறினாதான் வரும். மூக்கைக் கழுவற பழக்கம் இருக்கறவங்க காய்ச்சி ஆறின தண்ணியிலதான் கழுவணும். இன்னொரு வழி யாரும் எதிர்பார்க்காதது. 2012-ல அமெரிக்காவுல முதுகுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி மருந்துலயே பூஞ்சை கலந்திருந்தது. 700 பேருக்கு மேல நோய் வந்துச்சு, 60 பேருக்கு மேல இறந்தாங்க. அங்க காரணம் இருமலும் இல்ல, தும்மலும் இல்ல, மருந்து பாட்டில்தான்.

இப்போ அந்த அம்மாவோட காலைப் பதில். மெனிங்கோகாக்கஸ்தான்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்களாம். காலேஜ் டாக்டர், ரூம்ல இருந்த பொண்ணுங்க எல்லாருக்கும் மாத்திரை எழுதியிருக்காராம். நல்லது, அதான் வேணும். ஒரே கூரைக்குக் கீழ கூடவே இருந்தவங்களுக்கு மத்த ஜனங்களைவிட நூத்துக்கணக்கான மடங்கு ஆபத்து அதிகம். கேக்க பயங்கரமா இருக்கும். ஆனா மத்த ஜனங்களுக்கு இருக்கற அந்த ஆபத்து ரொம்ப ரொம்பச் சின்னது. பெருக்கினாலும் 1000 பேருல ஏறக்குறைய 4 பேருக்குத்தான் வரும். அந்த நாலையும் தடுக்கத்தான் மாத்திரை. நோயாளிக்கு உடம்பு முடியாம போறதுக்கு முந்தின 7 நாள்ல நெருங்கி இருந்தவங்களுக்குக் குடுப்போம், முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள. 14 நாள் தாண்டிட்டா பிரயோஜனம் இல்ல. சிப்ரோஃப்ளாக்சசின்னா ஒரே ஒரு வேளை, ரிஃபாம்பிசின்னா ரெண்டு நாள். கர்ப்பமா இருந்தா செஃப்ட்ரியாக்சோன் ஊசி. ரிஃபாம்பிசின் சாப்பிட்டா சிறுநீர், கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறத்துல வரும். பதறிக்கிட்டு ஃபோன் பண்ண வேண்டாம், கான்டாக்ட் லென்ஸை மட்டும் கழட்டி வைங்க. கருத்தடை மாத்திரையோட வேலையையும் அது கெடுக்கும். இதைக் கேட்டுட்டு யாரும் தானா மருந்துக் கடைக்குப் போகாதீங்க. சில இடங்கள்ல இந்தக் கிருமி சிப்ரோவுக்கு மசியறதில்ல, எது வேலை செய்யும்னு டாக்டர் சொல்லணும்.

போர்வை, பக்கெட்? இந்தக் கிருமி உடம்பை விட்டு வெளிய வந்தா சீக்கிரமே செத்துடும். போர்வையை எரிக்கறது, ரூமுக்கு மருந்தடிக்கறது எல்லாம் வீண் வேலை, துவைச்சா போதும். ஒரு டம்ளர்ல ஒரு வாய் குடிச்சதை மட்டும் வைச்சு மாத்திரை குடுக்கறதும் வழக்கம் இல்ல. தம்பி அந்த நோயாளிப் பொண்ணுகிட்ட நெருங்கவே இல்ல, அவனுக்கு மாத்திரை தேவையில்ல. பொண்ணு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வரலாம், தாராளமா.

ஆனா மாத்திரை போட்டாச்சுன்னு கண்ணை மூடிக்காதீங்க. அடுத்த 10 நாள் அவளைத் தனியா தூங்க விடாதீங்க. காய்ச்சல், தலை பிளக்கற வலி, கழுத்தைக் குனிய முடியாம விறைக்கறது, வெளிச்சம் பார்த்தா கண் கூசறது, வாந்தி, ஏதோ சம்பந்தமில்லாம பேசறது, இதுல எது வந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு இருக்கவே கூடாது. கை கால் சில்லிட்டுப் போறதும் கால் வலிக்கறதும் சில சமயம் கழுத்து விறைக்கறதுக்கு முன்னாடியே வரும். உடம்புல சிவப்பாவோ ஊதாவாவோ புள்ளி வந்தா ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதுமேல அழுத்துங்க. கண்ணாடி வழியா பார்க்கும்போது புள்ளி மறையாம அப்படியே நின்னா, டம்ளரைக் கீழ வைச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நிறம் கொஞ்சம் கறுத்த உடம்புல புள்ளி சட்டுனு தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையோட உள்பக்கம் பாருங்க. புள்ளியே வராமலும் இந்த நோய் வரும், புள்ளிக்காகக் காத்திருக்காதீங்க.

கடைசிக் கேள்வி, அந்தப் பொண்ணு திரும்பி வந்தா அதே ரூம்ல விடலாமா. விடலாம். சரியான ஆன்டிபயாட்டிக் ஏறின 24 மணி நேரத்துலயே அவகிட்டேருந்து பரவற ஆபத்து போயிடும். செஃப்ட்ரியாக்சோன் குடுத்திருந்தா தொண்டையில இருக்கற கிருமியும் சேர்ந்து துடைச்சுப் போயிருக்கும், பென்சிலின் மட்டும் குடுத்திருந்தா டிஸ்சார்ஜுக்கு முன்னாடி உங்க பொண்ணு சாப்பிட்ட அதே மாத்திரையை அவளுக்கும் ஒருதரம் குடுப்பாங்க. திரும்பி வந்ததும் சில வாரம் அவளுக்குக் களைப்பா இருக்கும், தலைவலிக்கும், ஒரு காது மந்தமாகூட இருக்கலாம். கேக்கற திறனை ஒருதரம் சோதிச்சுட்டாங்களான்னு அவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, அது பல சமயம் விட்டுப்போயிடும். உங்க பொண்ணைப் பக்கத்துக் கட்டில்லயே படுக்கச் சொல்லுங்க, நடுவுல அந்த ரெண்டரை அடியை மட்டும் விட்டுட்டு.